கல்யாணத்துக்காக மறுபடி முழுக்கு எடுக்கணுமா?

கேள்வி: நாங்க திருநெல்வேலி பக்கம் சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) குடும்பம். கைக்குழந்தையிலயே எனக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சு, படிக்கிற வயசுல திடப்படுத்தலும் எடுத்துட்டேன். இப்போ சென்னையில ஒரு பெந்தெகொஸ்தே குடும்பத்துல வரன் அமைஞ்சிருக்கு. ரெண்டு வீட்லயும் சம்மதம்தான், ஆனா முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தாதான் கல்யாணம் நடத்தி வைப்பேன்னு அவங்க பாஸ்டர் சொல்றார். எடுத்தா நம்ம சபையையே மறுதலிச்ச மாதிரின்னு எங்க அப்பா கண் கலங்குறார். நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதல்லயே சொல்லிடுறேன்மா, கல்யாணத்துக்காக மட்டும்னா எடுக்காதீங்க. இதை நான் சிஎஸ்ஐ பக்கம் நின்னு சொல்லல, பெந்தெகொஸ்தே உபதேசத்தையே வச்சுதான் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னாடி உங்க அப்பா ஏன் அழுறார், அந்த பாஸ்டர் ஏன் விட்டுக்கொடுக்க மாட்டேங்குறார்னு ரெண்டும் உங்களுக்குப் புரியணும்.

வெளிய இருந்து பார்த்தா தெளிச்சதா முழுக்கினதான்னு தண்ணியைப் பத்தின சண்டை மாதிரி தெரியும். அது இல்ல. ஆதி சபை காலத்துல எழுதின திதாக்கேங்கிற சின்ன கையேட்டுலயே ஓடுற தண்ணியில கொடு, அது இல்லன்னா வேற தண்ணியில கொடு, ரெண்டும் இல்லன்னா தலையில மூணு தடவை ஊத்துன்னு இருக்கு. அதனால தண்ணி எவ்வளவுங்கிறது ரெண்டாவது விஷயம்தான். சபைன்னா யாருங்கிறதுலதான் இவங்க ரெண்டு பேரும் பிரியுறாங்க.

சிஎஸ்ஐ, லுத்தரன், கத்தோலிக்க சபைகள்ல என்ன நம்புறாங்கன்னா, சபையை உண்டாக்குறது கடவுள், நம்ம முடிவுக்கு முன்னாடியே அவரோட அழைப்பு வந்துடுது, அதனால விசுவாசி வீட்டுல பிறக்குற குழந்தையும் அந்த அழைப்புக்குள்ளதான் இருக்கு. அப்போஸ்தலர் 2:39-ல வாக்குத்தத்தம் உங்களுக்கும் உங்க பிள்ளைகளுக்கும்னு பேதுரு சொல்றதையும், 16-ம் அதிகாரத்துல லீதியாளும் பிலிப்பி சிறைக்காவலனும் வீட்டாரோட ஞானஸ்நானம் எடுத்ததையும் காட்டுவாங்க. 1530-ல லுத்தரன்கள் ஆக்ஸ்பர்க்ல வாசிச்ச விசுவாச அறிக்கையும் சுவிசேஷம் சுத்தமா போதிக்கப்பட்டு, ஞானஸ்நானம் திருவிருந்து மாதிரியான திருவருட்சாதனங்கள் சரியா நடக்கிற பரிசுத்தவான்களோட கூட்டம்தான் சபைன்னு சொல்லுது. அங்க யார் என்னைக்கு மனசு மாறினாங்கன்னு கணக்கெடுக்கிறது முதல் வேலை இல்ல. அப்பா அம்மா உங்களுக்காகச் சொன்ன விசுவாசத்தை பின்னாடி நீங்களே வாயைத் திறந்து சொன்னதுதான் உங்க திடப்படுத்தல், அதை சும்மா சடங்குன்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க.

பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட், பிரதரன் சபைகள்ல சபைன்னா மனந்திரும்பி, தானே அறிக்கை பண்ணி, தெரிஞ்சே உள்ள வந்தவங்களோட கூட்டம். மாற்கு 16:16-ல விசுவாசம் முன்னாடி வருது, ஞானஸ்நானம் பின்னாடிதான் வருது, அந்த வரிசையை மாத்தக்கூடாதுன்னு சொல்லுவாங்க. இதை நேத்து வந்த பிடிவாதம்னு நினைச்சுடாதீங்க. பெந்தெகொஸ்தே இயக்கம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, 1525-ல சூரிச்ல சில பேர் இதே காரணத்துக்காக பெரியவங்களான பிறகு ஞானஸ்நானம் எடுத்தாங்க, அவங்கள்ல ஃபீலிக்ஸ் மான்ஸ்ங்கிறவரை 1527 ஜனவரியில அந்த ஊர் அரசாங்கமே லிம்மாட் ஆத்துல மூழ்கடிச்சு கொன்னுச்சு. அப்படி உயிரைக் கொடுத்துக் காப்பாத்தின நம்பிக்கையை நாம லேசா பேசக்கூடாது.

அப்பாவோட கண்ணீருக்கும் பழைய காரணம் இருக்கு. மூணாம் நூற்றாண்டுல, பிரிஞ்சு போன குழுக்கள்ல ஞானஸ்நானம் எடுத்துட்டு திரும்பி வர்றவங்களுக்கு மறுபடி கொடுக்கணும்னு கார்த்தேஜ் பிஷப் சிப்ரியானும் கூடாதுன்னு ரோம் பிஷப் ஸ்தேவானும் பெரிய வாக்குவாதமே நடத்தினாங்க. கடைசியில பெரும்பாலான சபைகள்ல நிலைச்சது என்னன்னா, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்துல தண்ணியால ஒருதடவை கொடுத்தா கொடுத்ததுதான், யார் கையால நடந்தாலும் கொடுத்தது கடவுள், அதைத் திருப்பிச் செய்யுறது அவர் செய்ததை இல்லன்னு சொல்ற மாதிரி. ஆராதனையில சேர்ந்து சொல்ற நிசேயா விசுவாசப்பிரமாணத்துல ஒரே ஞானஸ்நானத்தை அறிக்கை பண்றோமே, அதுக்குப் பின்னாடி இதெல்லாம் இருக்கு. அப்பா சாதி சனத்துக்காக அழலம்மா, அவரோட விசுவாசம் அங்க இருக்கு. ஆனா அந்த பெந்தெகொஸ்தே பாஸ்டர் கண்ணுல இது ரெண்டாவது ஞானஸ்நானமே இல்ல, குழந்தையில நடந்ததை அவர் ஞானஸ்நானமாவே எண்ணல. அதனாலதான் எத்தனை மணி நேரம் பேசினாலும் ரெண்டு பேரும் ஒரே இடத்துல சந்திக்க மாட்டேங்குறாங்க.

இப்போ நான் முதல்ல சொன்னதுக்கு வர்றேன். பெந்தெகொஸ்தே உபதேசப்படி ஞானஸ்நானத்துக்கு உயிரே சொந்த விசுவாசம்தான், யாரோ சொன்னாங்கன்னு எடுக்கிறது செல்லாதுங்கிறதாலதானே குழந்தை ஞானஸ்நானத்தை அவங்க ஏத்துக்கல? அப்போ மண்டபம் புக் பண்ணியாச்சு, மாமியார் வீட்டுல கேக்குறாங்கன்னு ஒரு பொண்ணு தண்ணிக்குள்ள இறங்கினா அதுவும் அடுத்தவங்க முடிவுதான். இதை அந்த பாஸ்டர்கிட்டயே மரியாதையா, மாப்பிள்ளையையும் கூட வச்சுக்கிட்டு கேளுங்க. நல்ல போதகரா இருந்தா யோசிப்பார். வேதத்தைப் படிச்சு ஜெபம் பண்ணி இது சரின்னு உங்க மனசாட்சிக்கே பட்டா அது வேற விஷயம், அப்போ கல்யாணமே இல்லன்னாலும் எடுப்பீங்க. அந்த நிலை வந்தா உங்க ஊர் சேகர குருவானவர்கிட்டயும் அப்பாகிட்டயும் முன்கூட்டியே சொல்லிடுங்க, ஒளிச்சு செய்யாதீங்க.

ரெண்டு நம்பிக்கையும் ஒரே சபைக்குள்ள இருக்கவே முடியாதான்னா, வடக்கே இருக்காங்க. 1970-ல நாக்பூர்ல உருவான வட இந்திய திருச்சபையில ஆங்கிலிக்கன்களோட பாப்டிஸ்ட், பிரதரன் சபைகளும் சேர்ந்தாங்க, அங்க குழந்தைக்கு ஞானஸ்நானமும் கொடுக்கலாம், இல்ல பிரதிஷ்டை மட்டும் பண்ணி, அதாவது குழந்தையை கடவுளுக்கு ஒப்புக்கொடுத்து ஜெபம் மட்டும் பண்ணி, வளர்ந்த பிறகும் கொடுக்கலாம், ரெண்டையும் ஏத்துக்கிறாங்க.

கல்யாண விஷயத்துல சட்டம் உங்களைத் தடுக்கல. 1872-ம் வருஷத்து இந்திய கிறிஸ்தவ திருமணச் சட்டத்துல எந்த முறையில ஞானஸ்நானம் எடுத்தீங்கன்னு கேள்வியே கிடையாது. ஆனா நடத்தி வைக்கிறவர் யாருங்கிறதைப் பார்க்கும், தனி சபை பாஸ்டரா இருந்தா அந்தச் சட்டப்படி லைசென்ஸ் வாங்கியிருக்காரான்னு கேட்டுடுங்க, கேக்கத் தயங்காதீங்க, நாளைக்கு பாஸ்போர்ட் விசான்னு வரும்போது திண்டாட வேண்டாம். உங்க ஊர்லயே ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிச்சு சிஎஸ்ஐ ஆலயத்துல நடத்த முடியுமான்னும் குருவானவர்கிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணட்டும், பல குடும்பங்கள்ல அப்படித்தான் நடக்குது. எந்தப் பக்கம் நடந்தாலும் ஞானஸ்நான சர்டிபிகேட், திடப்படுத்தல் சர்டிபிகேட் ரெண்டையும் சேகர ஆபீஸ்ல இப்பவே வாங்கி வச்சுக்கோங்க.

இன்னொன்னு இருக்கு, இதை யாரும் நிச்சயத்துக்கு முன்னாடி பேசுறதில்ல. நாளைக்கு உங்களுக்கு குழந்தை பிறந்தா ஞானஸ்நானமா பிரதிஷ்டையா, ஞாயித்துக்கிழமை எந்த சபைக்குப் போவீங்க, திருவிருந்து எங்க எடுப்பீங்க, அவங்க சபையில முழுக்கு எடுக்காதவங்களுக்கு அப்பம் கொடுப்பாங்களா? இதையெல்லாம் மாப்பிள்ளைகிட்ட நீங்களே, பெரியவங்க யாரும் பக்கத்துல இல்லாம, உட்கார்ந்து பேசுங்க. பாஸ்டர் என்ன சொல்றார்ங்கிறதை விட்டுட்டு மாப்பிள்ளை என்ன நம்புறார்னு கேளுங்க, அதுக்கு அவர் சொல்ற பதிலைப் பார்த்துட்டு தேதி குறிங்க.