போக்கரில் ஜெயித்த பணம் முடங்கிவிட்டது: வங்கி மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: கோவையில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வயது 20. அப்பாவுக்குப் பல்லடம் பக்கம் விசைத்தறி. தொழில் படுத்துவிட்டதால் இரண்டு வருடமாக விடுதிக் கட்டணத்தை ஆன்லைன் போக்கரில் சம்பாதித்தே கட்டுகிறேன். 17 வயதில் அக்காவின் பான், ஆதாரை வைத்து ஒரு தளத்தில் ஆரம்பித்தேன். 2025 ஆகஸ்டில் அந்தத் தளம் பண ஆட்டத்தை நிறுத்தியதும், ஒரு ஏஜென்ட் மூலம் வெளிநாட்டுச் செயலி ஒன்றில் தனிக் கிளப்பில் சேர்ந்தேன். வாராவாரம் யூபிஐயில் செட்டில்மென்ட் வரும். நான்கு நண்பர்களையும் சேர்த்துவிட்டேன். அவர்கள் ஆடும் ஆட்டத்தில் பிடிக்கும் கமிஷனான ரேக்கில் எனக்குச் சின்னப் பங்கு உண்டு. போன மாதம் என் வங்கிக் கணக்கு முடங்கிவிட்டது. உள்ளே 1,46,000 ரூபாய் இருக்கிறது. வேறு மாநில சைபர் போலீஸ் புகாராம், 22,000 ரூபாய் சம்பந்தப்பட்டதாம். வங்கி மேலாளர் எல்லார் முன்னாலும் என்னைச் சூதாடி என்றார். வார்டன் அறையைச் சோதித்தார். நான் யாரையும் ஏமாற்றவில்லை. படித்து, கணக்குப் போட்டு, ஆடி ஜெயித்தேன். போக்கர் திறமை விளையாட்டு என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே? இதற்கிடையில் நான் சேர்த்த நண்பன் ஒருவன் 40,000 ரூபாய் தோற்றுவிட்டான். அவன் அப்பா புகார் கொடுப்பேன் என்கிறார். "லேப்டாப் விற்ற பணம் என்று சொல், பில் நான் தருகிறேன்" என்கிறார் ஏஜென்ட். வங்கி மேல் நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாமா? அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது.

பதில்: தம்பி, வங்கி மேலாளர் பேசியது தவறு. வார்டன் செய்ததும் சரியில்லை. இரண்டாலும் உங்கள் கணக்கு திறக்கப் போவதில்லை. ஒதுக்கி வையுங்கள். போலீஸ் கேட்டு வங்கி கணக்கை முடக்கியிருக்கிறது. அதற்காக வங்கி மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டால் கோர்ட் கட்டணமும் வருடங்களும்தான் போகும். அப்படி ஒரு வழக்கை நான் எடுக்க மாட்டேன்.

திறமை விளையாட்டு என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் தீர்ப்பு உண்மைதான். தமிழ்நாடு அரசின் 2022-ஆம் வருடச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று அட்டவணையில் சேர்த்திருந்தது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த அட்டவணையை ரத்து செய்தது. அதற்குப் பிறகு, 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டத்தில் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே இல்லை. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் பெரிய வக்கீல்களை வைத்து அந்தச் சண்டையைப் போட்டுக்கொள்ளட்டும். விடுதிக் கட்டணம் கட்ட வேண்டிய மாணவனின் வழக்கு அது இல்லை.

உங்கள் விஷயத்தில் சட்டம் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த 22,000 ரூபாய் யார் கணக்கிலிருந்து வந்தது? அந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?

தெரியாது என்பதுதான் உங்கள் பதிலாக இருக்கும். இந்தக் கிளப்களில் எல்லாருக்கும் அதே பதில்தான். செயலிக்குள் ஓடுவது வெறும் சிப்ஸ் என்ற ஆட்ட வில்லைகள், அதற்கு மதிப்பில்லை என்று செயலிக்காரர் எழுதி வைத்திருப்பார். பணம் முழுக்க வெளியே, ஏஜென்ட் கையில் ஓடுகிறது. நீங்கள் ஜெயித்த தொகையை அவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்புவதில்லை. ஒரு வாரம் ஒரு பெயர், அடுத்த வாரம் வேறு பெயர். அந்தக் கணக்குகளில் பல வாடகைக்கு வாங்கியவை. எங்கோ ஒரு பெரியவரை 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பறித்த பணமும், பகுதி நேர வேலை தருவதாக ஏமாற்றி வாங்கிய பணமும் அந்தக் கணக்குகள் வழியாகக் கை மாறுகின்றன. பணத்தை இழந்தவர் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணில் புகார் சொன்னதும், அது போன பாதையில் உள்ள ஒவ்வொரு கணக்கும் முடங்குகிறது. அந்தப் பாதையில் மூன்றாவதோ நான்காவதோ கை உங்களுடையது. மேஜையில் நீங்கள் எவ்வளவு நேர்மையாக ஆடினீர்கள் என்பது அந்தப் பெரியவருக்குத் தேவையில்லாத செய்தி.

குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் திருட்டுச் சொத்து என்ற வரையறைக்குள் ஏமாற்றிப் பெற்ற பணமும் வருகிறது. அது தெரிந்து வாங்கினால் மட்டுமல்ல, அப்படி நம்பக் காரணம் இருந்தும் நேர்மையின்றி வாங்கினாலும் குற்றம். இன்றைய நிலையில் நீங்கள் விவரம் தெரியாமல் மாட்டிக்கொண்ட மாணவன். என்னிடம் வந்தவர்களில் பலர் இந்த இடத்தில் தப்பித்திருக்கலாம். மாட்டியது இதற்கு அடுத்த வாரத்தில்தான். அவர்கள் செய்தவற்றைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

முதலில் அந்த லேப்டாப் பில். அதைத் தொடவே தொடாதீர்கள். இல்லாத விற்பனைக்கு ஒரு பில் கொடுத்த நிமிடத்தில் நீங்கள் பொய் ஆவணத்தைப் பயன்படுத்தியவர் ஆகிறீர்கள். அது தனிக் குற்றம். அதைவிட மோசம், பணம் சரியில்லாதது என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால்தான் பொய் சொன்னீர்கள் என்று போலீஸ் வாதிட நீங்களே சாட்சியம் தருகிறீர்கள். ஏஜென்ட் உங்கள் மேல் அக்கறைப்பட்டுச் சொல்லவில்லை. விசாரணை உங்களோடு நிற்க வேண்டும், தன்னிடம் வரக் கூடாது, அவ்வளவுதான் அவர் கணக்கு. வாட்ஸ்அப், டெலிகிராம் உரையாடல்களை அழிக்கச் சொல்வார். அதையும் செய்யாதீர்கள். சாட்சியத்தை அழிப்பதும் குற்றம். தவிர, வாராவாரம் சிப்ஸ் கணக்கு முடித்து அதே தொகையை ஏஜென்ட் அனுப்பச் சொன்னார் என்பதற்கு அந்த உரையாடல்தான் உங்களிடம் உள்ள ஒரே ஆதாரம். நண்பர்களைச் சேர்த்த கதையும் அதில்தான் இருக்கும். அதனால் போனை யாரிடமும் நீட்டுவதற்கு முன், எழுத்தில் எந்த விளக்கமும் கொடுப்பதற்கு முன், கோவையிலேயே ஒரு குற்றவியல் வழக்கறிஞரிடம் முழுதாகக் காட்டுங்கள். போலீஸ் நோட்டீஸ் வந்தால், அது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் சாட்சியாக அழைக்கும் 179-ஆம் பிரிவா, சந்தேக நபராக அழைக்கும் 35(3)-ஆ என்று அவர் பார்த்துச் சொல்வார். பதில் அதைப் பொறுத்து மாறும்.

அடுத்தது, நண்பனின் கணக்கிலோ அம்மாவின் கணக்கிலோ செட்டில்மென்ட் வாங்கித் தொடர்ந்து ஆடுவது. முடங்கிய பிறகும் ஆடாமல் இருக்க முடியாத பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். ஒரு கணக்கு முடங்கினால் தெரியாமல் நடந்தது என்று வாதிடலாம். இரண்டாவதும் முடங்கினால் அந்த வாதம் செத்துப் போகும், கூடவே அம்மாவும் விசாரணைக்குள் வருவார். இன்னொன்று, கணக்கைத் திறந்து தருகிறேன், இத்தனை சதவீதம் கொடு என்று ஆட்கள் போன் செய்வார்கள். போலீஸ் என்றே சொல்வார்கள். ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

சரி, கணக்கைத் திறப்பது எப்படி? 22,000-க்காக 1,46,000 முழுவதையும் முடக்கி வைப்பது சரியில்லை. சம்பந்தப்பட்ட தொகை எவ்வளவு என்று சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் அதற்கு முந்தின வருடமே இதே வழியில் போனது. இங்கே உங்கள் பக்கம் வலு உண்டு. ஆனால் அந்த வலுவை 22,000-ஐக் காப்பாற்றச் செலவழிக்காதீர்கள். 'அந்தத் தொகை புகார்தாரருக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, குற்றம் எதையும் ஒப்புக்கொள்ளாமல் இதைச் சொல்கிறேன், மீதியை விடுவியுங்கள்' என்று உங்கள் சார்பில் விசாரணை அதிகாரிக்கும், தேவைப்பட்டால் மாஜிஸ்திரேட் முன் மனுவிலும் உங்கள் வழக்கறிஞர் எழுதட்டும். நான் உழைத்து ஜெயித்த பணத்தை எதற்கு விட வேண்டும் என்று உங்களுக்குக் கொதிக்கும். அதைப் பிடித்து வைக்க வேறு மாநிலத்துக்கு நான்கு முறை ரயில் ஏறினால் 22,000 அதிலேயே கரையும். விடுங்கள்.

இப்போது எனக்கு உண்மையிலேயே கவலை தரும் இடத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்: நான்கு நண்பர்களைச் சேர்த்துவிட்டேன், ரேக்கில் பங்கு உண்டு.

2025 சட்டத்தில் வெறுமனே ஆடியவருக்குத் தண்டனை கிடையாது. ஆனால் பண ஆட்டத்தை வழங்குவது மட்டுமல்ல, அதற்கு உதவுவது, தூண்டுவது, ஏதாவது ஒரு வகையில் அதில் ஈடுபடுவது எல்லாவற்றையும் அதன் 5-ஆம் பிரிவு ஒரே வலையில் போடுகிறது. தண்டனை மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் அல்ல, வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம். இத்தனை கடுமை கம்பெனி நடத்துபவர்களை நினைத்து எழுதியதுதான். ஆனால் கம்பெனிக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பெரிய ஏஜென்டின் பெயரே போலி. விலாசத்தோடும் கல்லூரி அடையாள அட்டையோடும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் நீங்கள். பங்கு மாதம் 1,500 ரூபாய் வந்ததா 15,000 வந்ததா என்பது முதல் தகவல் அறிக்கை எழுதும்போது எடுபடாது. பங்கு வாங்குவதை இன்றே நிறுத்துங்கள்.

அப்புறம் அந்த நண்பனின் அப்பா. சட்டப்படி அவர் உங்கள் மேல் சிவில் வழக்குப் போட்டு 40,000-ஐ வாங்குவது கடினம். பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் ஜெயித்ததாகச் சொல்லும் தொகையையோ பந்தய முடிவுக்காக ஒருவரிடம் ஒப்படைத்த தொகையையோ கேட்டு வழக்குப் போட முடியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. மேலும், ரேக் பங்கைத் தவிர அவன் பணம் உங்களிடம் வரவும் இல்லை. அப்படியும் சொல்கிறேன், அவரோடு சமாதானமாகப் போங்கள். குறைந்தது அவன் ஆட்டத்திலிருந்து உங்களுக்கு வந்த பங்கு முழுவதையும், முடிந்தால் அதற்கு மேலும் கொடுத்துவிடுங்கள். அவர் கேட்பது 40,000. அவர் புகார் கொடுத்தால் உங்களை முடங்கிய கணக்குக்காரர் என்ற இடத்திலிருந்து ஆள் சேர்த்த ஏஜென்ட் என்ற இடத்துக்கு நகர்த்தும் முதல் காகிதம் அதுதான். அதற்குப் பிறகு வளாக நேர்காணலில் வேலை கிடைத்தாலும் போலீஸ் சரிபார்ப்பில் நிற்கும்.

சமாதானத்திலும் ஒரு குழி இருக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் உட்கார்ந்து 'இந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு புகார் கொடுக்க மாட்டேன்' என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிவிடுவார்கள். குற்றப் புகாரை விலைக்கு வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. செல்லாததோடு போகாமல், நீங்கள் எதையோ மறைக்கப் பணம் கொடுத்தீர்கள் என்பதற்குச் சாட்சியாக அதே பேப்பர் திரும்பி வரும். 'நண்பர்கள் இடையே இருந்த பணக் கணக்கு முடிந்தது, இனி பாக்கி இல்லை' என்று மட்டும் ரசீது இருக்கட்டும். வங்கி வழியாகக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் வழக்கறிஞர் வாசகத்தைப் பார்க்கட்டும்.

அக்கா விஷயம் சுருக்கமாக. பழைய தளத்தில் ஜெயித்ததெல்லாம் வருமான வரித் துறையின் கண்ணில் அக்கா ஜெயித்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஆன்லைன் ஆட்டத்தின் நிகர வெற்றித் தொகைக்கு 30 சதவீத வரி, அடிப்படை விலக்கு வரம்பெல்லாம் கிடையாது. தளம் பிடித்துக் கட்டிய வரி அக்காவின் பானில் பதிவாகியிருக்கும். அவர் சம்பள வருமானத்துக்கு மட்டும் ஐடிஆர்-1 போட்டிருந்தால் அந்தப் படிவமே தவறு. துறையிலிருந்து கேள்வி வருவதற்கு முன் ஆடிட்டரிடம் போய், தேவைப்பட்டால் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள். அக்காவுக்குக் கல்யாணப் பேச்சோ வீட்டுக் கடனோ வரும் நேரத்தில் இந்த நோட்டீஸ் வந்தால் பாவம், என்ன என்றே அவருக்குப் புரியாது. கிளப்பில் வந்த பணத்துக்கு யாரும் வரி பிடித்திருக்க மாட்டார்கள், அது உங்கள் தலையில். அதையும் அதே ஆடிட்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக அப்பா. அவருக்குத் தெரியாமல் இதை முடிக்க முடியுமா என்று கேட்காமல் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. போலீஸ் நோட்டீஸ் விடுதிக்கு வராது, உங்கள் கணக்கில் இருக்கும் ஆதார் முகவரிக்கு, பல்லடத்து வீட்டுக்குத்தான் வரும். உள்ளூர் ஸ்டேஷன் ஏட்டு தறிக்கூடத்து வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லி விசாரிப்பார். அதற்கு முன் நீங்கள் ஊருக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். அடுத்த பருவக் கட்டணத்துக்குக் கல்லூரியில் அவகாசம் கேட்கவும், நண்பனின் அப்பாவிடம் பேச உட்காரவும் உங்களுக்கு ஒரு பெரியவர் துணை வேண்டும். அந்தப் பெரியவர் ஏஜென்டாக இருக்கக் கூடாது. இந்த சனிக்கிழமையே கிளம்புங்கள்.