பூக்கடையை ஒரு வாரம் மூடினால் அந்தமானுக்கு எவ்வளவு ஆகும்?

கேள்வி: ஐயா, மதுரை வில்லாபுரத்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். கணவர் கப்பலூர் சிட்கோவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். பிடித்தம் போக 24,000 ரூபாய் வருகிறது. எனக்கு முதல் போக ஒரு நாளைக்கு 1,200 ரூபாய் நிற்கும். முகூர்த்த நாளில் 3,000 வரை போகும். மகள் எட்டாவது, மகன் ஐந்தாவது. எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் தினமும் விமானம் போகிறது, ஆனால் நாங்கள் நால்வரும் இதுவரை ஏறியதில்லை. அந்தமான் போய்வர ஆசை. டிராவல்ஸில் நான்கு இரவு, ஐந்து பகலுக்குத் தலைக்கு 18,500 கேட்கிறார்கள். மாதம் 6,500 வீதம் 12 தவணையாகக் கட்டலாம், வட்டி கிடையாது என்கிறார்கள். கையில் ஓர் ஏலச்சீட்டும் இருக்கிறது: மாதம் 5,000, மொத்தம் 20 மாதம், 11 முடிந்துவிட்டது. 20,000 தள்ளினால் (விட்டுக்கொடுத்தால்) இப்போதே எடுத்துவிடலாம். மகள் பெயரில் ஆர்டி 60,000 சேர்ந்திருக்கிறது. கணவரோ மாலத்தீவே போகலாம் என்கிறார். எல்டிஏ (விடுப்புப் பயணப் படி) போட்டால் பாதிப் பணம் திரும்ப வரும் என்று நாத்தனார் வீட்டுக்காரர் சொல்கிறார். வரும் ஆடியில் வியாபாரம் மந்தமாக இருக்கும், அப்போது போகலாமா? எந்தப் பணத்தை எடுப்பது?

— ஒரு வாசகி, மதுரை

பதில்: அம்மா, எந்தப் பணம் என்பதைப் பிறகு பார்ப்போம். எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்தால் பாதிக் கணக்கு தானாக விழுந்துவிடும்.

ஆடி வேண்டாம். தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு வருவதற்கு முன்பே, மே மூன்றாவது வாரவாக்கில் அந்தமானில் இறங்கிவிடும். ஆடியில் அங்கே மழையும் காற்றும்தான். அறை வாடகை அப்போது குறைவு என்பது உண்மை. ஆனால் கொடைக்கானலில் மழை பிடித்துக்கொண்டால் வத்தலக்குண்டு பஸ் ஏறிச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். தீவில் கடல் விட்டால்தான் வர முடியும். 2016 டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் படகுகள் நின்றுபோய் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல் போய்த்தான் மீட்டது. அந்தக் காற்றழுத்தம்தான் பிறகு வர்தா புயலாகச் சென்னையைப் போட்டு அடித்தது. அப்படி மாட்டிக்கொள்ளும் நாட்களில் அறை வாடகையும் சாப்பாடும் நம் கைக்காசு. அதனால் தீவுப் பயணத்துக்குக் கணக்குப் போடும்போது போகும் செலவோடு, திரும்ப முடியாமல் போனால் ஆகும் செலவையும் சேர்த்துத்தான் நான் போடுவேன். டிராவல்ஸ்காரர் தரும் தாளில் அந்த வரி இருக்காது.

சரி, வேறு எந்த மாதம்? மார்கழியில் முகூர்த்தம் இல்லை, அரையாண்டு விடுமுறையும் வரும். உங்களுக்கு முதலில் அதுதான் தோன்றியிருக்கும். ஆனால் கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று விமானமும் அறையும் விலையில் உச்சத்தில் நிற்கும் வாரம் அது. போதாததற்குப் பனியில் மல்லிகை வரத்து குறைந்து கிலோ விலை ஆயிரங்களில் ஏறும் காலம். அந்த நேரத்தில் கடையை வேறு கையில் விட்டுப் போக உங்களுக்கே மனசு வராது. தை பிறந்தால் முகூர்த்தம் வந்துவிடும். மாசி, பங்குனியில் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்.

ஆக மிஞ்சுவது சித்திரை. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய மறுவாரம் கிளம்புங்கள். திருவிழா வியாபாரம் கையில் வந்திருக்கும், பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும், வெயில் காலத்தில் பூ வரத்து கூடி விலை இறங்கியிருக்கும். கடையை ஏழு நாள் மூடினால் உங்களுக்குப் போவது 8,400. அதே ஏழு நாள் தையில் என்றால், நடுவில் மூன்று முகூர்த்தம் விழுந்தாலே 13,800. ஒன்று மட்டும் கவனம்: மே பத்துத் தேதிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு மேல் வங்கக் கடலை நம்ப முடியாது.

இப்போது செலவு. தலைக்கு 18,500 என்றால் நால்வருக்கு 74,000. ஆனால் அது விமானம் சேர்ந்த விலையா என்று கேட்டீர்களா? இப்படிச் சொல்லும் விலை பெரும்பாலும் அங்கே போய் இறங்கியபின் தொடங்கும். காலை டிபன் மட்டும் அதில் அடக்கம். மதியமும் இரவும் நம் செலவு. நான்கு இரவுத் திட்டத்தில் கடைசித் தீவிலிருந்து மாலைப் படகில் வந்து மறுநாள் காலையே விமானம் ஏற வைப்பார்கள். ஒரு படகு நின்றால் விமானமும் போச்சு.

என் உத்தேசக் கணக்கு ஆறு இரவுக்கு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் படுக்கை வசதி, போக வர நால்வருக்கு 3,000. தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் எதிரே விமான நிலையம். டாக்சிக்காரரிடம் பேரம் பேச வேண்டியதில்லை. சென்னையிலிருந்து விமானம் இரண்டே கால் மணி நேரம். இரண்டு, மூன்று மாதம் முன்னால் எடுத்தால் போக வர ஆளுக்கு 13,000 என்று வைத்து 52,000. தீவுகளுக்கு இடையே தனியார் படகு மூன்று தடவை, 18,000. அரசுப் படகு இதைவிட மிக மலிவு, ஆனால் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அறை ஆறு இரவுக்கு 21,000. சாப்பாடு 17,500. ஆட்டோ, டாக்சி 12,000. பவளப்பாறை பார்ப்பது, நுழைவுச்சீட்டு, பிள்ளைகள் கேட்கும் ஐஸ்கிரீம் எல்லாம் 8,000. மொத்தம் 1,31,500. இதன் மேல், தொடாமல் கணக்கிலேயே கிடக்க 15,000. இதுதான் நான் சொன்ன, திரும்ப முடியாமல் போனால் ஆகும் செலவுக்கு. செலவாகாமல் வந்தால் ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகும்.

நாட்களை அடுக்கும் விதத்திலும் காசு இருக்கிறது. முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி அங்கேயே தங்கல். மறுநாளே ஹேவ்லாக், இரண்டு இரவு. பிறகு நீல், ஓர் இரவு. ஐந்தாம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பிவிடுங்கள். அங்குள்ள செல்லுலார் சிறையைக் கடைசி முழு நாளுக்கு வையுங்கள். படகு ஒரு நாள் தவறினாலும் அந்த ஆறாம் நாள் தாங்கிக்கொள்ளும். டிக்கெட்டில் ஊர்ப் பெயர் பார்த்துக் குழம்ப வேண்டாம்: போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம், ஹேவ்லாக்கும் நீலும் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, ஷகீத் தீவு. பழைய பெயர்தான் இன்னும் வாயில் வருகிறது, எனக்கும்.

சென்னையிலிருந்து கப்பல் இருக்கிறதே, மலிவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். ஒரு வழிக்கே சுமார் மூன்று நாள். போக வர ஆறு நாள் கடை மூடினால் 7,200 உங்கள் கையிலிருந்து போகிறது. புறப்படும் தேதியும் நம் வசதிக்கு அமையாது. விடுங்கள்.

பணத்துக்கு வருவோம். வட்டியில்லாத் தவணையைப் பெருக்கிப் பாருங்கள்: 6,500 வீதம் 12 மாதம் 78,000. அதாவது 74,000 ரூபாய்க்கு 4,000 கூடுதல். அசல் மாதாமாதம் குறைவதைப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீத வட்டி. கந்துவட்டி இல்லை, ஆனால் வட்டியே இல்லை என்பதும் இல்லை. அப்புறம், விமானத்துக்கு 52,000 தனியாகத் தேட வேண்டும். மாதம் 6,500 கட்ட முடியும் என்று நீங்களே நினைத்திருக்கிறீர்கள் அல்லவா? அதையே போவதற்கு முன்னால் கட்டுங்கள், உங்களுக்கே. தினமும் கல்லாவை எண்ணும்போது 200 ரூபாய் தனி உண்டியலில். மாதக் கடைசியில் வங்கியில் போட்டுவிடுங்கள். ஆடி முதல் தை முடிய ஏழு மாதத்தில் 42,000 சேரும். கணவரின் தீபாவளி போனஸில் 10,000 சேர்த்தால் விமான டிக்கெட் கையில்.

மிச்சத்துக்குச் சீட்டு. இப்போது 20,000 தள்ளினால் கைக்கு 80,000. பொறுத்துக் கடைசியில் எடுத்தால் தள்ளு இல்லை, கமிஷன் மட்டும். அது 5 சதவீதம் என்றால் 95,000. ஒன்பது மாதம் பொறுப்பதற்கு 15,000, கிட்டத்தட்ட உங்கள் படகுச் செலவு முழுவதும். பங்குனியில் முடிகிற சீட்டு, சித்திரையில் கிளம்பும் பயணம்; இதைவிடப் பொருத்தமாக அமையாது. 52,000மும் 95,000மும் சேர்த்தால் 1,47,000. ஆனால் அது பதிவு பெற்ற சீட்டா என்று ரசீதைப் பாருங்கள். தெருவில் தெரிந்தவர் வாய்ப்பேச்சில் பிடிக்கும் சீட்டு என்றால் கடைசி வரை காத்திருக்க நான் சொல்லமாட்டேன். தள்ளு ஆறேழு ஆயிரத்துக்கு இறங்கும் மாதத்தில் எடுத்துவிட்டு, குறைகிற பணத்துக்குத் தகுந்தாற்போல் ஓர் இரவைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆர்டியில் கை வைக்காதீர்கள்.

எல்டிஏ பற்றி நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னது தவறு. அது சம்பளத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு தொகைக்குக் கிடைக்கும் வரி விலக்கு. உள்நாட்டுப் பயணத்தின் டிக்கெட் செலவுக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில் மட்டும். 24,000 சம்பளத்துக்கு உங்கள் கணவர் வரியே கட்ட வேண்டியதில்லை. கட்டாத வரியில் விலக்கு எங்கிருந்து வரும்?

மாலத்தீவுக்கு விசா செலவில்லை. ஆனால் நால்வருக்கும் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும், அங்கே எல்லாம் டாலர் கணக்கு. பசுமை வரி என்று ஆளுக்கு ஒரு நாளைக்குப் பெரிய ரிசார்ட்டில் 12 டாலர், சிறிய விடுதியில் 6 டாலர்; 2025இல்தான் இரட்டிப்பாக்கினார்கள். சிறிய விடுதியில் ஐந்து நாள் என்றாலும் உங்கள் வீட்டுக்கு 120 டாலர், மூச்சு விடுவதற்கு முன்பே. லட்சத்தீவு கொச்சியிலிருந்து பக்கம்தான். அனுமதிச் சீட்டு, கப்பல் தேதி இரண்டையும் பார்த்துக் கிளம்ப வேண்டும். திருவிழாவையும் முகூர்த்தத்தையும் பார்த்து நாள் குறிக்கும் உங்களுக்கு அது ஒத்துவராது.

ரயில் டிக்கெட்டை 60 நாள் முன்னால்தான் எடுக்க முடியும். விமானத் தேதியை உறுதி செய்த கையோடு அந்த நாளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். 2020இல் கடலடிக் கேபிள் போட்ட பிறகு அங்கே நெட் தேவலை, இருந்தாலும் சின்னத் தீவில் யுபிஐயை மட்டும் நம்பாமல் 15,000 ரொக்கம் வைத்திருங்கள். கோயிலுக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் அந்த ஒரு வாரம் யார் பூ கொடுப்பது என்பதை இப்போதே பேசி வையுங்கள். எட்டாம் நாள் வேறு கடைக்குப் போன வாடிக்கை திரும்ப வராது.

டிராவல்ஸ் வழியாகத்தான் போவது என்று வீட்டில் முடிவானால் அவர்களிடம் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: படகு நின்றால் அன்றிரவு அறை வாடகை யார் தலையில்? பதில் எழுதித் தரத் தயங்கினால் அறையையும் படகையும் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம். எட்டாவது படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிகிற வேலை அது.