கண்டியின் கடைசி அரசர்: கேள்வி பதில்

சைதாப்பேட்டை வாசகர்: இலங்கையின் கடைசி ராஜா தமிழர் என்கிறார்களே, உண்மையா சார்?

மதுரை நாயக்கர் வழி வந்தவர். பூர்விகம் தெலுங்கு. இலங்கையில் கடைசியாக மிஞ்சிய ராஜ்யம் கண்டி. அதன் அரசர்கள் மதுரையில் பெண் எடுப்பது வழக்கம். 1739-இல் நேர் வாரிசு இல்லாமல் போகவே, ராணியின் தம்பிக்கே முடி சூட்டினார்கள். அந்த வரிசையில் நான்காவதாக 1798-இல் பட்டத்துக்கு வந்த கண்ணுசாமிதான் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன்.

தாம்பரம் வாசகர்: வெள்ளைக்காரனிடம் சண்டையில் தோற்றாரா?

இல்லை. 1803-இல் கண்டிக்குள் நுழைந்த வெள்ளையர் படை சின்னாபின்னமானது. 1815-இல் சொல்லிக்கொள்ளும்படி சண்டையே நடக்கவில்லை. சொந்தப் பிரதானிகளே கைவிட்டுவிட்டார்கள்.

அதற்குக் காரணமும் உண்டு. பிரதானிகளில் ஒருவரான எஹெலேபொல வெள்ளையர் பக்கம் போனதும், அவர் மனைவியையும் பிள்ளைகளையும் அரசர் கொல்லவைத்தார். இதை மறைத்துவிட்டு அவரை வீரராக மட்டும் பாடுவது சரியில்லை. ஆனால் அவரை அரக்கனாகவே வரைந்தவர்கள், அவர் நாட்டை எடுத்துக்கொண்டவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. இன்று நாம் பார்க்கும் கண்டி ஏரியை வெட்டியவரும் அவரே.

1815 பிப்ரவரி 18-இல் கண்டிக்குக் கிழக்கே மெதமகாநுவர என்ற ஊரில் அரசரைப் பிடித்தார்கள். மார்ச் 2-இல் பிரதானிகள் வெள்ளையரோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அவருடைய உறவினர் யாரும் இனி அரியணை கேட்கக்கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள்.

திருவல்லிக்கேணி வாசகர்: நம்ம ஊருக்கு வந்தாராமே?

ஆமாம். 1816 ஜனவரியில் மனைவியர், உறவினர், ஏவலாட்களோடு கொழும்பில் கார்ன்வாலிஸ் கப்பலில் ஏற்றினார்கள். அப்போது சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலிலேயே நங்கூரம் போடும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டித்தான் கரைக்கு வரவேண்டும். நாடிழந்த அரசர் வந்திறங்கிய கரை இது. சென்னை வரலாறு பேசுகிறவர்கள் இவரை அநேகமாகச் சொல்வதே இல்லை என்பது எனக்குப் பெரிய குறை.

இங்கிருந்து வேலூர்க் கோட்டை. 1806 சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு, அங்கே காவலில் இருந்த திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பியிருந்தார்கள். பத்து வருஷம் கழித்து அதே கோட்டைக்கு இவர். 1832 ஜனவரி 30-இல் அங்கேயே காலமானார்.

பெரம்பூர் வாசகர்: வாரிசு? சமாதி எங்கே?

வேலூரில் பிறந்த மகன் 1843-இல் பிள்ளையின்றி இறந்தார். சமாதி வேலூர் பாலாற்றங்கரையில், முத்து மண்டபத்தில். 1990-இல் தமிழக அரசு கட்டியது. காட்பாடியில் ரயில் இறங்கினால் பக்கம்தான். அரியணையைப் பார்க்க மட்டும் கொழும்பு அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். இங்கிலாந்துக்குக் கொண்டுபோனதை 1934-இல்தான் திருப்பித் தந்தார்கள்.