அம்மாவுக்கு அல்சைமர், நான் ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

பெரம்பூர்லேர்ந்து 43 வயசு வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "அம்மாவுக்கு 72 வயசு. போன வருஷம் அல்சைமர்னு சொல்லிட்டாங்க. எனக்கும் இப்பல்லாம் ஸ்கூட்டி சாவிய எங்க வெச்சேன்னே தெரியறதில்ல. தம்பி எச்சில்ல பாக்குற ஜீன் கிட் வாங்கலாம்ங்கிறான், பக்கத்து வீட்டக்கா ரத்தத்துலயே தெரிஞ்சிடும்ங்கிறாங்க. எதை எடுக்கட்டும்?"

ரெண்டுமே இப்போ வேணாம்மா. ஏன்னு சொல்றேன்.

ஜீன்ல ரெண்டு கதை இருக்கு, நெட்ல ரெண்டையும் சேத்து குழப்பிடுறாங்க. ஏபிபி, பிரிசெனிலின் 1, பிரிசெனிலின் 2னு மூணு ஜீன், அதுல ஒண்ணுல கோளாறு வந்தா நோய் கிட்டத்தட்ட நிச்சயம், பிள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் பாதிக்குப் பாதி சான்ஸ். ஆனா மொத்த அல்சைமர் கேஸ்ல இது 100ல ஒண்ணு கூட இல்ல, அதுவும் பெரும்பாலும் 30லேர்ந்து 60 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிடும். உங்கம்மாவுக்கு 70க்கு மேல வந்திருக்கு, அதனால இதுவா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. இருந்தாலும் பெரியம்மா, மாமா, தாத்தா யாருக்காவது 60க்கு முன்னாடியே வந்துச்சான்னு விசாரிங்க. அப்படி தலைமுறை தலைமுறையா இருந்தா பேச்சே வேற, ஜெனடிக் கவுன்சிலிங் போகணும், டெஸ்ட்டும் முதல்ல நோய் வந்தவங்களுக்குத்தான், உங்களுக்கு இல்ல.

ரெண்டாவது கதை, கிட்ல பாக்குறது பெரும்பாலும் ஏபிஓஈங்கிற இன்னொரு ஜீன். 2, 3, 4னு மூணு வகை, அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு வரும். 4 ஒண்ணு இருந்தா ரிஸ்க் சுமார் 3 மடங்கு, ரெண்டு இருந்தா 10 மடங்கு கிட்ட போகும்னு சொல்வாங்க, 1993லேர்ந்தே தெரிஞ்ச விஷயம், ஆனா அந்தக் கணக்கு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்கள வெச்சுப் போட்டது, நமக்கு அப்படியே பொருத்த முடியாது. 4 இருந்தும் கடைசிவரைக்கும் நோயே வராதவங்க நிறைய பேர், 4 இல்லாமயே வந்தவங்களும் நிறைய. ரிப்போர்ட் எதுவா வந்தாலும் உங்களுக்கு நான் சொல்லப்போற வைத்தியம் ஒண்ணுதான். உங்களுக்கு ரெண்டு 4னு வந்துட்டா உங்க பிள்ளைங்களுக்கும் ஒண்ணு கட்டாயம் இருக்கும், அதை அவங்ககிட்ட எந்த வயசுல சொல்வீங்க?

அம்மாவுக்கு லெகானெமாப், டோனானெமாப் மாதிரி புது அல்சைமர் மருந்து போடலாம்னு டாக்டர் சொன்னா அப்போ அவங்களுக்கு ஏபிஓஈ பாக்கணும், ரெண்டு 4 இருக்கிறவங்களுக்கு மூளையில வீக்கம், ரத்தக்கசிவு வர்ற ஆபத்து ஜாஸ்தி.

ரத்த டெஸ்ட் விஷயத்துக்கு வருவோம். ஏபிஓஈ மாதிரி ஜீன் நோய் வரலாம்னு மட்டும்தான் சொல்லும், மார்க்கர்தான், அதாவது ரத்தத்துலயோ முதுகுத்தண்டு நீர்லயோ அளக்குற நோய் அடையாளம்தான், மூளைக்குள்ள இப்போ என்ன நடக்குதுன்னு காட்டும். அமிலாய்டுங்கிற புரதம் மறதி வர்றதுக்கு 15, 20 வருஷம் முன்னாடியே மூளையில படிய ஆரம்பிக்குது, படிஞ்சு ஒட்டிக்கிறதாலதான் முதுகுத்தண்டு நீர்ல எடுத்துப் பாத்தா அதுல ஒரு வகையான அமிலாய்டு 42 கொறஞ்சு இருக்கும், டாவ்ங்கிற இன்னொரு புரதம் ஏறி இருக்கும். கொறஞ்சிருக்குன்னா நல்லதுதானேன்னு ரிப்போர்ட்டோட வர்றவங்க உண்டு, அது தப்பு. இப்போ அந்த டாவோட ஒரு வகைய பி-டாவ் 217னு ரத்தத்துலயே பாக்குறாங்க, அமெரிக்காவுல 2025 மே மாசம் முதல் ரத்த டெஸ்ட்டுக்கு அனுமதி கொடுத்தாங்க, ஆனா மறதி இருக்கிறவங்களுக்கு, ஸ்பெஷலிஸ்ட் பாத்து எழுதினா மட்டும். கிட்னி கோளாறு இருந்தாலும் இந்த அளவு ஏறும், சுகர்ல கிட்னி போனவங்க இவ்ளோ பேர் இருக்கிற நம்ம ஊர்ல டாக்டர் இல்லாம இதை எடுத்து பயந்துக்காதீங்க.

உங்க சாவி மறதிக்கு பி12, தைராய்டு பாருங்க, தூக்கம், மனச்சோர்வு, மாதவிடாய் நிக்கிற வயசு எல்லாமே காரணமா இருக்கலாம், அம்மாவ ராத்திரி பகலா பாத்துக்கிற அசதியும்தான். கூடவே பிபி, சுகர், எல்டிஎல்ங்கிற கெட்ட கொழுப்பு, காது கேக்குற திறன் இந்த நாலையும் பாருங்க. 2024ல லான்செட் மருத்துவ இதழோட நிபுணர் குழு சொன்ன 14 காரணங்கள்ல இந்த நாலும் இருக்கு, அந்த 14ஐயும் சரி பண்ணா டிமென்ஷியாவுல, அதாவது அல்சைமர் மாதிரி மறதி நோய்கள்ல, 45 சதவீதம் வரைக்கும் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம்.

கேட்டதையே திரும்பத் திரும்ப கேக்குறீங்க, தெரிஞ்ச தெருவுலயே வழி தப்புது, வீட்டுக் கணக்கு குழம்புதுன்னு வீட்ல சொன்னா அப்போ தள்ளிப்போடாதீங்க. ஜிஹெச் நியூராலஜி ஓபி இருக்கு, கிண்டில முதியோர் ஆஸ்பத்திரி இருக்கு, அம்மாவ பாத்துக்கிறதுக்கு உதவி வேணும்னா அண்ணா நகர்ல ஸ்கார்ஃப்ங்கிற மனநல அமைப்புல கேளுங்க. உங்களுக்காகப் போகும்போது கூட இருக்கிற ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, எப்போலேர்ந்து மறதின்னு அவங்க சொல்றதையும் டாக்டர் கேப்பாரு.