பதில் வராத கைப்பிரதியும் மகளின் எதிர்காலமும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

முதுகலைப் படிப்பை முடித்த உங்கள் மகள் எந்த வேலைக்கும் விண்ணப்பிக்காமல், தாம் ஆங்கிலத்தில் எழுதி முடித்த நாவலை இலக்கிய முகவர்களுக்கு அனுப்பிவிட்டு ஓராண்டுக்கும் மேலாகக் காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த பதில்கள் எல்லாம் மறுப்பாகவே இருப்பதால் அவருக்குத் திறமை இல்லை என்று முடிவு செய்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த மறுப்புகளை மட்டும் வைத்து அப்படி முடிவு செய்ய வழியில்லை. ஆனால் நாவலுக்குப் பதில் வரும்வரை வேலை தேடுவதைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கமே நிற்கிறேன். நாவலின் கதியையும் பிழைப்புக்கான வழியையும் உங்கள் வீட்டில் இப்போது ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதை அவிழ்ப்பதுதான் முதல் வேலை.

ஆங்கிலப் பதிப்புலகில் பெரிய பதிப்பகங்களுள் பெரும்பாலானவை எழுத்தாளர்கள் நேரடியாக அனுப்பும் கைப்பிரதிகளைப் படிப்பதில்லை. முகவர் வழியாக வருவதையே ஏற்கின்றன. முகவர் கைப்பிரதியைத் தகுந்த பதிப்பாசிரியரிடம் கொண்டுசெல்கிறார், ஒப்பந்தத்தைப் பேசி முடிக்கிறார், பிறகு கணக்கு வழக்குகளைக் கவனிக்கிறார். இதற்காக எழுத்தாளருக்கு வரும் தொகையில் வழக்கமாக 15 விழுக்காட்டையும், வெளிநாட்டு உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை ஆகியவற்றில் பெரும்பாலும் 20 விழுக்காட்டையும் எடுத்துக்கொள்கிறார். நூல் விற்றால்தான் அவருக்கு வருமானம். தங்கள் நாவலை அறிமுகப்படுத்திப் புதியவர்கள் அனுப்பும் கடிதங்களைப் படிப்பதற்காக அவருக்கு யாரும் ஊதியம் தருவதில்லை என்பதால், ஏற்கெனவே தம்மிடம் உள்ள எழுத்தாளர்களின் வேலை போக மிஞ்சும் நேரத்தில்தான், பல இடங்களில் உதவியாளர்களின் கண் வழியாகத்தான், அக்கடிதங்கள் படிக்கப்படுகின்றன. குறிப்பிட்ட வாரங்களுக்குள் பதில் வராவிட்டால் வேண்டாம் என்று பொருள் கொள்ளுங்கள் என முன்கூட்டியே அறிவித்துவிடும் முகவர்களும் பலர். அதே போன்ற நாவலொன்று முகவரின் கையில் முன்பே இருக்கலாம். அந்த வகை நூல்களை வாங்கும் பதிப்பாசிரியர் எவரையும் அவர் அறியாதிருக்கலாம். இக்காரணங்கள் எவையும் மறுப்புக் கடிதத்தில் எழுதப்படுவதில்லை. ஆகவே உங்கள் மகளுக்கு வந்த மறுப்புகளுள் ஒரு பகுதி அவருடைய எழுத்தைப் பற்றியதே அல்ல.

மீதிப் பகுதியிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இதைத்தான் நான் சந்திக்கும் இளம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் செய்யத் தவறுகிறார்கள். மறுப்பு எந்தக் கட்டத்தில் வந்தது என்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். கடிதத்தைப் படித்த எவரும் கூடுதல் பக்கங்களைக் கேட்கவே இல்லை என்றால், குறை கடிதத்திலோ முதல் சில பக்கங்களிலோ இருக்க வாய்ப்பு மிகுதி. நாவலின் பிற்பகுதியை யாரும் இன்னும் பார்க்கவில்லை. சிலர் முழுக் கைப்பிரதியையும் கேட்டு வாங்கிப் படித்த பிறகு மறுத்திருந்தால், கடிதம் தன் வேலையைச் செய்துவிட்டது. கதையின் நடுப்பகுதியும் முடிவும்தான் திருத்தம் கேட்கின்றன. அவர்களுள் இருவர் தனித்தனியே ஒரே குறையைச் சுட்டியிருந்தால், அந்தக் குறிப்பைப் பொன்போலப் பாதுகாத்து அதற்கேற்பத் திருத்த வேண்டும். ஒரே நாளில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் அனுப்பிவிட்டால் இந்தப் பாடம் எதுவும் பயன்படாது. ஏனென்றால் ஒருமுறை மறுத்த முகவர் அதே படைப்பை மறுபடியும் பார்ப்பது அரிது. ஆறேழு பேருக்கு அனுப்பி, பதில்களைப் பார்த்து, திருத்தி, அடுத்த ஆறேழு பேருக்கு அனுப்புவதே விவேகம்.

அந்த அறிமுகக் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. நாவலின் வகை, சொற்களின் எண்ணிக்கை, யாருடைய கதை, அவருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, தோற்றால் எதை இழப்பார் என்பவை ஒன்றிரண்டு பத்திகளில் வந்துவிட வேண்டும். எழுதியவரைப் பற்றி இரண்டு வரி போதும். "என் நாவல் மனித வாழ்வின் இருளையும் ஒளியையும் பேசுகிறது" என்னும் வாக்கியம் எந்த நாவலுக்கும் பொருந்தும் என்பதால் எதையும் சொல்வதில்லை. "இறந்துபோன அண்ணனின் பெயரில் வேலைக்குச் சேர்ந்த தம்பி, பதவி உயர்வு வரும் நாளில் அந்த அண்ணனின் மனைவியை அலுவலகத்தில் சந்திக்கிறான்" என்று எழுதினால் படிப்பவர் அடுத்து என்ன என்று கேட்பார். கதைச்சுருக்கம் கேட்கப்பட்டால் அதில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். அங்கே மர்மம் காப்பது குறையாகவே கருதப்படும். புனைவு என்றால் எழுதி முடித்த பின்பே கடிதம் அனுப்ப வேண்டும். முதல் நாவல் 2,00,000 சொற்களைத் தொட்டிருந்தால் பலர் முதல் வரியைப் படிக்குமுன்பே தயங்குவார்கள். பெரியவர்களுக்கான பொதுப் புனைவில் 80,000 முதல் 1,00,000 சொற்கள் வரை இயல்பான அளவாகக் கொள்ளப்படுகிறது.

முதல் பக்கங்களை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குப் பதிப்பு வரலாற்றிலேயே நல்ல சான்று இருக்கிறது. வில்லியம் கோல்டிங் என்னும் பள்ளி ஆசிரியரின் முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஃபேபர் பதிப்பகத்தின் வாசிப்பாளரும் அதை வேண்டாம் என்று குறித்து ஒதுக்கினார். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த பதிப்பாசிரியர் சார்ல்ஸ் மாண்டீத் ஒதுக்கப்பட்ட அந்தக் கைப்பிரதியை எடுத்துப் படித்தார். தொடக்கத்தில் இருந்த அணுப்போர் பற்றிய பகுதியை நீக்கச் சொன்னார். கோல்டிங்கும் இசைந்து திருத்தினார். 1954-இல் 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' வெளிவந்தது. 1983-இல் அதன் ஆசிரியர் நோபல் பரிசு பெற்றார். உங்கள் மகளுக்கும் அப்படி நடக்கும் என்று சொல்வதற்காக இதை எடுத்துக்காட்டவில்லை. ஒரே அலுவலகத்தில், ஒரே கைப்பிரதியை, ஒருவர் தள்ளினார், மற்றொருவர் எடுத்தார் என்பதை நீங்களும், தொடக்கம் உண்மையிலேயே பழுதுபட்டிருந்தது, அதை எழுத்தாளர் திருத்த ஒப்புக்கொண்டார் என்பதை உங்கள் மகளும் கவனிக்க வேண்டும். அப்போது கோல்டிங்குக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது என்பதையும், நூல் வெளிவந்த பிறகும் சில ஆண்டுகள் அவர் ஆசிரியப் பணியை விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பதிப்பகம் முன்பணமாக 100 பங்கு தருகிறது என்று வைத்துக்கொண்டால், 15 பங்கு முகவருக்குப் போகும். மீதமுள்ள 85 பங்கும் ஒரே தவணையில் வருவதில்லை. கையெழுத்தாகும்போது ஒரு பகுதி, இறுதிக் கைப்பிரதியை ஏற்கும்போது ஒரு பகுதி, நூல் வெளிவரும்போது ஒரு பகுதி என்று பிரித்தே தருவார்கள். ஒப்பந்தத்திலிருந்து நூல் கடைக்கு வர ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டு ஆவது சாதாரணம். நூல் விற்பனையில் எழுத்தாளருக்குச் சேரும் பங்கான ராயல்டித் தொகை அந்த முன்பணத்தை ஈடுகட்டிய பிறகே மேற்கொண்டு பணம் வரும். பல நூல்கள் அந்த எல்லையை எட்டுவதே இல்லை. எனவே நாவல் ஏற்கப்பட்டுவிட்டாலும் உங்கள் மகளுக்கு மாத வருமானம் ஒன்று தேவைப்படும். அதை இன்றே தேடிக்கொள்வது எழுத்தைக் கைவிடுவதாகாது. அவசரத்தில் கிடைத்த மோசமான ஒப்பந்தத்துக்குத் தலையாட்ட வேண்டிய நிலை வராமல் அந்த வருமானமே அவரைக் காக்கும்.

எந்த வேலை என்று கேட்பீர்கள். பதிப்பகங்களில் பிரதி செம்மையாக்கம், மெய்ப்புப் பார்த்தல், உரிமைப் பிரிவு ஆகியவற்றில் தொடக்கநிலைப் பணிகள் உண்டு. அங்கே கைப்பிரதிகள் எப்படி ஏற்கப்படுகின்றன, எப்படித் தள்ளப்படுகின்றன என்பதை உள்ளிருந்தே பார்க்கலாம். மொழிபெயர்ப்பு, ஆசிரியப் பணி, நூலகப் பணி, தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதுதல் ஆகியவையும் பொருந்தும். நாள் முழுவதும் பிறருக்காக எழுதித் தீர்ப்பவர்களுக்கு மாலையில் தமக்காக எழுதச் சொற்கள் மிஞ்சாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே எழுத்தோடு தொடர்பில்லாத, நேரம் வரையறுக்கப்பட்ட வேலையையும் அவர் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. சிறுகதைகளை இதழ்களுக்கு அனுப்புவதும், முகவர் இல்லாமலே கைப்பிரதி ஏற்கும் சிறு பதிப்பகங்களை அணுகுவதும் வேலையோடு சேர்த்தே செய்யக்கூடியவை. நாவலைத் தாமே மின்னூலாக வெளியிடுவதும் ஒரு வழிதான். ஆனால் வெளியாகிவிட்ட நூலை முகவர்கள் புதிய படைப்பாக ஏற்பது அரிது என்பதால், அந்த முடிவைக் கடைசியாக எடுக்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் ஒன்றை மிக அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். பெற்றோரின் பதற்றத்தைக் குறிவைத்தே பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். படித்துப் பார்க்கக் கட்டணம், பதிப்பிக்கப் பங்குத்தொகை, பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்னும் நிபந்தனை, தாங்கள் சுட்டும் திருத்துநருக்கே பணம் கட்ட வேண்டும் என்னும் வற்புறுத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டாலும் விலகிவிடுங்கள். மகள் வாடியிருப்பதைப் பார்த்து, கையிருப்பைக் கொடுத்தாவது புத்தகத்தைக் கையில் தந்துவிடலாம் என்று தாய் மனம் நினைப்பது இயல்பே. அப்படி வெளிவந்த புத்தகங்கள் கட்டுக்கட்டாக வீட்டிலேயே தங்கிவிடுவதையும், அதன் பிறகு அப்பிள்ளைகள் பேனாவைத் தொடவே கூசுவதையும் கண்டு வருந்தியிருக்கிறேன். அமெரிக்காவில் 1998 முதல் 'ரைட்டர் பிவேர்' என்னும் அமைப்பு இத்தகைய ஏமாற்றுகளைப் பற்றி இலவசமாக எச்சரித்து வருகிறது. எந்த முகவருக்கு அனுப்புமுன்பும் அவர் பெயரை அங்கே தேடிப் பார்க்கும் பழக்கம் உங்கள் மகளுக்கு வரட்டும். நேர்மையான ஒப்பந்தமே வந்தாலும், நூல் விற்பனையில் இல்லாமல் போனால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பும் என்ற பிரிவு அதில் இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம்.

வீட்டில் நாள்தோறும் "பதில் வந்ததா?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, இதுவரை வந்த பதில்களை எல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதி, எது எந்தக் கட்டத்தில் நின்றது என்று குறித்துவைக்குமாறு அவரிடம் சொல்லுங்கள். அத்தாளுடனும் அவருடைய கல்விச் சான்றிதழ்களுடனும் அவரே என்னைச் சந்திக்க வரட்டும். கடிதத்தைத் திருத்துவதையும் வேலைக்கான விண்ணப்பத்தை எழுதுவதையும் ஒரே அமர்வில் தொடங்கிவிடலாம்.