அனுபவம் மட்டும் போதுமா?

வணக்கம்.

என் மகளுக்கு மனச்சோர்வு. இரண்டு வருஷமாக மாத்திரையும் கவுன்சலிங்கும். இப்போது தேறி பிளஸ் ஒன் போகிறாள். ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது பழக்கமான ஆறு அம்மாக்கள் சேர்ந்து, புதிதாக வரும் குடும்பங்களுக்குத் துணை நிற்கலாம் என்றிருக்கிறோம். இதற்குத் தனியாகப் பயிற்சி வேண்டுமா? எங்கள் அனுபவம் போதாதா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

அனுபவம் இருப்பதால்தான் உங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். சிக்கலும் அதிலேதான். எதிரில் இருப்பவர் 'பையன் ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறான்' என்று ஆரம்பித்ததுமே 'எங்க வீட்லயும் இதே கதைதான்' என்று நாம் தொடங்கிவிடுவோம். பயிற்சியில் பாதி நேரத்தை இந்த ஆசையை அடக்கவே ஒதுக்குங்கள்.

மும்மூன்று பேராக உட்காருங்கள். ஒருவர் பேச, ஒருவர் கேட்க, மூன்றாமவர் குறிப்பெடுக்க. பத்து நிமிடம். கேட்பவர் கேள்வி கேட்கலாம், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கலாம். அறிவுரையும் சொந்தக் கதையும் கூடாது. பிறகு இடம் மாறுங்கள். முதல் சுற்றிலேயே யாராவது ஒருவர் 'கொஞ்சம் கண்டிச்சுப் பாருங்களேன்' என்று சொல்லிவிடுவார், பாருங்கள்.

மாத்திரைப் பெயரைப் பேசவே வேண்டாம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். 'என் பொண்ணுக்கு வேற கொடுத்தாங்க, சீக்கிரம் கேட்டுச்சு' என்று நீங்கள் சொன்னால், அந்த வீட்டில் பத்தாம் நாளே மாத்திரை நின்றுபோகும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். மாறாக, ஆரம்ப வாரங்களில் சில பிள்ளைகளுக்குப் படபடப்பும் தற்கொலை எண்ணமும் கூடக்கூடும். அப்படித் தெரிந்தால் தாங்களாக நிறுத்தாமல் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்குப் போன நாட்கள் மூன்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள். உள்ளே 'பரவால்ல டாக்டர்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்து அழுகிறவர்கள் நிறைய.

தற்கொலை பற்றி நேராகவே கேட்கப் பழகுங்கள்: 'சாகணும்போல இருக்குன்னு சொன்னாளா?' கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமென்றால் பிள்ளையைத் தனியே விடக் கூடாது. பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எல்லாம் வீட்டைவிட்டே போக வேண்டும், மாத்திரைகள் பூட்டுக்குள் இருக்க வேண்டும், அன்றே ஆஸ்பத்திரி. இரவானாலும் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். எதையாவது விழுங்கிவிட்டால் 'நல்லாத்தானே இருக்கா' என்று காத்திருக்கவே கூடாது. சில விஷங்கள் ஓரிரு நாள் கழித்துத்தான் கல்லீரலைத் தாக்கும். போலீஸ் கேஸுக்குப் பயந்து மறைப்பவர்களிடம் 2017 மனநலச் சட்டத்தைச் சொல்லுங்கள்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்ததாகவே சட்டம் கொள்ளும், தண்டிக்காது.

ரகசியம் காப்போம் என்று வாக்குக் கொடுக்கும்போதே விதிவிலக்கையும் சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து ஒன்று. பிள்ளைக்கு நடக்கும் பாலியல் கொடுமை இன்னொன்று. தெரிந்தபின் புகார் தராமல் இருப்பதே போக்ஸோ சட்டப்படி குற்றம்.

தலைக்கு இரண்டு குடும்பத்துக்கு மேல் எடுக்காதீர்கள். மாதம் ஒருமுறை ஒரு மனநல ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள். சொந்தப் பிள்ளைக்கு மறுபடி முடியாமல் போனால் அந்த அம்மா அப்போதைக்கு விலகிக்கொள்ளட்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் மகளிடம் கேட்டுவிடுங்கள், அவள் கதையில் எதுவரை வெளியே சொல்லலாம் என்று. எதுவுமே வேண்டாம் என்றால், சொல்லாமலும் இந்த வேலையைச் செய்யலாம்.