பழைய ஆடி டிடியா, புதிய ஹோண்டா சிட்டியா?

கேள்வி: நான் கோவைவாசி. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்த்து வளர்ந்தவன். பெங்களூரில் பதிவான 2012 மாடல் ஆடி டிடி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று 16 லட்சம் ரூபாய்க்கு வருகிறது. அந்தப் பணத்துக்குப் புதிய ஹோண்டா சிட்டியே வாங்கலாம் என்கிறார் மனைவி. வீட்டில் நான்கு வயது மகளும் மூட்டுவலி உள்ள அம்மாவும் இருக்கிறார்கள். ஒரு கார்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது. 211 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் கொண்ட டிடி வளைவுகளில் தரும் சுகத்தை, 121 குதிரைத்திறன் கொண்ட சிட்டியிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும், ஒரு கார்தான் என்று நீங்களே எழுதிவிட்டதால், சிட்டியை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

நால்வரும் மருத்துவமனைக்குப் புறப்படும் ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். டிடிக்கு இரண்டே கதவுகள். முன் இருக்கையைச் சாய்த்து, உள்ளே குனிந்து, மகளின் இருக்கை வாரைப் பூட்டிய பிறகு, பெரியவர்கள் கால் நீட்ட இடமில்லாத அந்தப் பின்னிருக்கையில் உங்கள் மனைவியும் நுழைந்தாக வேண்டும். அம்மாவுக்கு முன் இருக்கையைத் தந்தாலும், அவ்வளவு தாழ்வான இருக்கையிலிருந்து எழுந்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அவருடைய முழங்கால்தான் பாரம் தாங்கும். சிட்டியில் நான்கு கதவுகளும் 506 லிட்டர் டிக்கியும் உண்டு.

செலவுக்கு வருவோம். கார் 16 லட்சத்துக்குக் கிடைத்தாலும், உதிரிபாகங்களுக்கு நீங்கள் கொடுக்கப்போவது, புதிதில் 40 லட்சத்துக்கும் மேல் விற்ற வண்டிக்குரிய விலையைத்தான். அதன் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருக்க வேண்டும். அதற்கான பில் இல்லையென்றால் மேற்கொண்டு பேசவே வேண்டாம். கர்நாடகப் பதிவு என்பதால் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள்கால வரி கட்டி, மறுபதிவு செய்ய வேண்டும். 2012-இல் பதிவான காருக்கு 15 ஆண்டு 2027-இல் முடிகிறது. அப்போது தகுதிச் சோதனைக்குப் பிறகே ஆர்.சி.யைப் புதுப்பிக்க முடியும். இவ்வளவு பழைய வண்டிக்குத் தேய்மானம் கழிக்காத காப்பீடு கிடைப்பதும் அரிது.

இத்தனைக்கும் பிறகு ஒரு முறை போய்ப் பார்க்கத் தோன்றினால், இன்ஜின் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் போய், உங்கள் கையாலேயே ஸ்டார்ட் செய்யுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரிந்தால், அந்த வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கக்கூடும். டயரின் பக்கவாட்டில் 2319 என்பதுபோல் நான்கு இலக்கங்கள் இருந்தால், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

சிட்டி வாங்கும்போது, ஓட்டும் சுகத்தை விரும்பும் நீங்கள் ஆட்டோமேட்டிக்கைத் தவிர்த்து, ஆறு கியர் மேனுவலையே கேட்டு வாங்குங்கள். அந்த இன்ஜினை ஆர்பிஎம் ஏற்றி, கியரைக் கையால் மாற்றி ஓட்டும்போதுதான் அதன் முழு வேகமும் தெரியும்.